வெள்ளிக்கிழமைகளில் பின்வாங்கிய சளிப்பூஞ்சணம்

மூளையே இல்லாத ஓர் உயிரைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "அதுக்கு ஏன் ஆய்வுகூடம்? கண்ணாடியைப் பாரன்" என்றாள் என் தங்கைச்சி. அவள் பகிடிக்குச் சொன்னது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போது யோசித்தால் அந்தப் பகிடி எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

நான் தாவரவியல் படிப்பிக்கிறவள். எங்கே என்று எழுதப்போவதில்லை. நடந்த பிழை என்னுடையது, அந்த இடத்தினுடையது அல்ல. யாழ் குடாநாட்டுக்குள்தான், வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிடம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

சளிப்பூஞ்சணம் மிருகமும் இல்லை, தாவரமும் இல்லை. பெயரில் பூஞ்சணம் இருந்தாலும் பூஞ்சணமும் இல்லை. உக்கிய மரக்கட்டையிலும் ஈரச் சருகுக்கு அடியிலும் கடும் மஞ்சளாக ஒழுகிக் கிடக்கும். யாரோ முட்டைக் கருவைக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். ஒரே ஒரு உயிர்க்கலம்தான், ஆனால் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பரவும். நரம்பு கிடையாது, கண் கிடையாது. அப்படியிருந்தும் புதிர்ப்பாதைக்குள் விட்டால் சாப்பாட்டுக்குக் குறுக்கு வழி கண்டுபிடிக்கும். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லாத இடத்தில் தன் சளியை அடையாளமாக விட்டுவிட்டு வரும், பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பாராது. பல இடங்களில் ஓட்ஸ் வைத்தால் எல்லாவற்றையும் இணைத்து நரம்பு நரம்பாக ஒரு வலை போடும். அந்த வலை, பெரிய பெரிய எஞ்சினியர்மார் யோசித்துப் போட்ட ரயில் பாதைகளுக்கு ஒத்து வந்ததென்று வெளிநாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அதை வாசித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடற்பாசியில் காய்ச்சிய ஏகார் கூழைக் குடாநாட்டின் உருவத்தில் வெட்டி, ஊர்கள் இருக்கிற இடமெல்லாம் ஒவ்வொரு ஓட்ஸ் வைத்து, யாழ்ப்பாண நகரத்தில் இந்த மஞ்சளை விட்டால் அது எங்கள் றோட்டுகளைப் போடுமா, இல்லை வேறு றோட்டுகளைப் போடுமா? இதுதான் என் கேள்வி. சின்னக் கேள்விதான். ஆனால் என் வயதில், இந்த ஊரில், ஒருத்திக்குச் சொந்தமாக ஒரு கேள்வி கிடைப்பது லேசான காரியம் இல்லை.

எனக்கு உதவிக்கு இருந்தவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். முஸ்லிம் சனம் அண்ணையை அப்படித்தான் சொல்லும், அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவருக்குப் பதின்மூன்று வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் போன குடும்பம். சண்டை முடிந்து சில காலத்தின் பின் தகப்பனுடைய வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்தார். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, குசினிக்குள் ஓர் ஆலங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றதாம். ஓர் அறைக்கு மட்டும் தகரம் போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் புத்தளத்தில். அவருடைய வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக வேலை. அந்த ஆண்டு தற்காலிகமாக இருந்தவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் எடுத்தார்கள். நிரந்தரமானால் வீட்டுக்குக் கூரை போட்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று நாளுக்கு ஒரு தரமாவது சொல்லுவார். பட்டியலில் பெயர் ஏற, கூட வேலை செய்கிற விரிவுரையாளரின் அறிக்கை வேண்டும். அந்த விரிவுரையாளர் நான்.

நல்ல வேலைக்காரர். கூழை எத்தனை தரம் வெட்டினாலும் பருத்தித்துறை முனை அப்படியே பருத்தித்துறை முனையாக வரும். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, என் குடாநாடு கடித்த பாண்துண்டு மாதிரி இருக்கும். மஞ்சளை அவர் "இவர்" என்பதுபோல மரியாதையாக "உவர்" என்பார். காலையில் நான் வந்ததும் "உவர் ராத்திரி வடிவாச் சாப்பிட்டவர், மிஸ்" என்று வீட்டில் கிடக்கிற ஒரு மாமாவைப் பற்றிச் சொல்லுவதுபோலச் சொல்லுவார். ஒருமுறை தன் வீடு இருக்கிற சோனகதெருவுக்கும் ஓர் ஓட்ஸ் வைப்போமே என்று கேட்டார். நகரம் முழுக்க ஒரே புள்ளிதான், தெருத் தெருவாக வைக்கிற ஆராய்ச்சி இல்லை இது என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சி முறைப்படி நான் சொன்னது சரி. ஆனாலும் அதை வேறு குரலில் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். சின்ன வயதிலிருந்தே அப்படி, இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் உண்டு.

திங்களும் செவ்வாயும் எனக்கு வகுப்புகள். அதனால் புதன் காலையில் பெட்டிகளைத் தயார் பண்ணுவோம். கண்ணாடிப் பெட்டி, மேலே காற்றுக்குச் சின்னத் துளைகள் போட்ட மூடி, ஒரு நேரத்தில் மூன்று பெட்டி. வியாழன் முழுக்க மஞ்சள் பரவும். வெள்ளி மத்தியானத்துக்குள் வேண்டாத நரம்புகளை இழுத்துக்கொண்டு வலையை முடித்திருக்க வேண்டும். இரண்டு மணிக்கு நான் படம் எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஆய்வுகூடத்தில் இன்னொரு வேலையும் உண்டு. சுவரில் ஒரு சரஸ்வதி படம் இருக்கிறது, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னரே அங்கே இருந்த படம். குளித்து முழுகிவிட்டு வந்து, படத்துக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் நுணுக்குக்காட்டியில் கை வைப்பேன். இங்கே கடைகள், கந்தோர்கள், மருந்துச்சாலைகள் எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமை இப்படித்தான். யாரும் இதை ஒரு வேலையாக நினைப்பதில்லை, கதவு திறப்பது மாதிரி.

முதல் வெள்ளி காலை எட்டு மணிக்குப் பார்த்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. உடுப்பிட்டியும் வல்வெட்டித்துறையும் சேர்ந்துவிட்டன. வட்டுக்கோட்டைக்குத் தடித்த நரம்பு ஒன்று போயிருந்தது. சாவகச்சேரியைத் தாண்டிக் கொடிகாமத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பின்னேரம் இரண்டு மணிக்குக் கமராவோடு வந்தால் ஒன்றுமே இல்லை. மேற்குப் பக்கம் முழுக்க வெறும் சளித்தடம். மஞ்சள் முழுவதும் கிழக்கு மூலைக்குள் ஒதுங்கிக் கட்டியாகக் கிடந்தது. மூன்று பெட்டியிலும் அப்படித்தான். சரி, முதல்தரம், எங்கேயோ பிழை நடந்துவிட்டது என்று விட்டேன். அடுத்த வெள்ளியும் அதேதான். அதற்கடுத்த வெள்ளியும். காலையில் றோட்டுகள், பின்னேரம் கட்டி.

என் குறிப்புப் புத்தகத்தில் வெப்பநிலை இருந்தது, ஈரப்பதன் இருந்தது, வெளிச்சம் இருந்தது, தண்ணீரின் உப்பு இருந்தது. எல்லாம் எல்லா நாளும் ஒரே மாதிரி. அப்படியென்றால் வெள்ளிக்கிழமைக்கு என்ன வித்தியாசம்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்றைப் பிடித்தேன். நானா வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். மற்ற நாட்களில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் பெட்டிகளுக்குத் தண்ணீர் விசிறுவது அவருடைய வேலை. வெள்ளியில் ஒரு மணித் தண்ணீர் இல்லை. போகும் அவசரத்தில் பன்னிரண்டு மணித் தண்ணீரையும் விட்டிருப்பார், மஞ்சள் காய்ந்து சுருண்டிருக்கும். கேட்டேன். போக முதல் இரண்டு மடங்கு விசிறிவிட்டுத்தான் போகிறேன் என்றார். நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஈரப்பதன் மானி அவர் சொன்னதைத்தான் காட்டியது. மானியில் பிழை என்று எழுதி வைத்தேன்.

நான்காம் வெள்ளி, நான் குளித்து முழுகி வர ஒன்பது மணியாகிவிட்டது. வந்து விளக்கேற்றப் போனால் மேசையில் பெட்டிகளைக் காணவில்லை. தேடிப் போனால் நடைபாதையின் கடைசியில் இருக்கிற களஞ்சிய அறைக்குள், ஈரத் துணியால் மூடி வரிசையாக வைத்திருக்கிறார். எனக்கு உச்சியில் ஏறியது. யாரைக் கேட்டுத் தூக்கினீர்கள், ஆராய்ச்சிப் பெட்டியை நினைத்த இடத்துக்கெல்லாம் மாற்றுவதா என்று, பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். இண்டைக்கு மட்டும் இங்கை இருக்கட்டும், மிஸ், என்று மெதுவாகச் சொன்னார். காரணம் கேட்டேன். ஏதோ சொல்ல வந்தார், பிறகு தரையைப் பார்த்தார். நானே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய மேசையில், பழைய இடத்தில் வைத்தேன். வைத்துவிட்டுக் கை கழுவி, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டினேன்.

இரண்டு மணிக்குக் கட்டி. தொழுகை முடிந்து அவர் திரும்பி வந்து தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டேன். இதை எழுதும்போதும் முகம் கூசுகிறது.

"நானா, உங்களுக்கு வேலை முக்கியமோ, பள்ளி முக்கியமோ?"

அவர் தொட்டியடிக்குப் போய்க் கிண்ணங்களைக் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவியிருந்த கிண்ணங்கள்.

அடுத்த கிழமை நிரந்தர நியமனத்துக்கான படிவம் வந்தது. ஒரு பக்கம்தான். பொறுப்புணர்வு என்று ஒரு கேள்வி, பரிந்துரை என்று ஒரு கேள்வி. ஆராய்ச்சிப் பெட்டிகளை அனுமதியின்றி இடம் மாற்றுகிறார், வெள்ளிக்கிழமைகளில் கவனக்குறைவு என்று முதல் கேள்விக்கு எழுதினேன். இரண்டாவதற்கு ஒரே ஒரு சொல், பரிந்துரைக்கவில்லை. எழுதும்போது நேர்மையாக நடந்துகொள்கிறேன் என்றே நினைத்தேன், அதுதான் கொடுமை. அந்தச் சொல்லுக்குள் ஒரு வீட்டின் கூரையும் மூன்று பேரின் வருகையும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாததும் அல்ல. நாளுக்கு ஒரு தரம் கேட்ட கதைதானே. பட்டியலில் அவருடைய பெயர் வரவில்லை. அந்த ஆறு மாதம் முடிந்ததும் தற்காலிக வேலையையும் புதுப்பிக்கவில்லை. போகிற அன்று, உவருக்குப் பழைய ஓட்ஸ் பிடிக்காது, புதுப் பக்கெற் உடைச்சுக் குடுங்கோ, மிஸ், என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய இடத்துக்கு ஒரு வேதக்காரப் பெண் வந்தாள், ஞாயிறில் மட்டும் தேவாலயம் போகிறவள். வெள்ளிக்கிழமை எங்கும் போகமாட்டாள். பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் தண்ணீர் விசிறினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு மணிக்குக் கட்டி. உடனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன்: மஞ்சளே கெட்டுப்போயிருக்கும், பழைய கவனக்குறைவால் வந்த வினை. மனிசருக்கு மூளை இருப்பது சில வேளை இதற்கு மட்டும்தான் போலும்.

அப்போதுதான் பெரியப்பா செத்துப்போனார். கலியாணம் கட்டாத எனக்கு முப்பத்தொரு நாளும் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கு வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக்கூடாது, விளக்கேற்றக்கூடாது, சாமி படத்தைத் தொடக்கூடாது. வேலைக்குப் போனேன், படத்துப் பக்கம் போகவில்லை. அந்தப் பெண்ணும் அதில் கை வைக்கவில்லை, அது அவளுடைய வழக்கம் இல்லை. செத்தவீட்டு அலைச்சலில் நான் எதையும் பெரிதாகக் கவனிக்கவில்லை. முதல் வெள்ளி இரண்டு மணிக்குக் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால், மூன்று பெட்டியிலும் முழுக் குடாநாடு. கொடிகாமம் வரைக்கும் நரம்பு. பருத்தித்துறைக்கு இரண்டு வழி போட்டு, அதில் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளியும் முழுக் குடாநாடு. அதற்கடுத்ததும் அப்படியே. நான்கு வெள்ளி, பன்னிரண்டு பெட்டி, ஒன்றுகூடப் பிழையாகவில்லை. பெரியப்பாவின் ஆசீர்வாதம் என்று தங்கைச்சியிடம் சொன்னேன், விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்த பிறகு வந்த வெள்ளி, மறுபடி குளித்து முழுகி, பூ வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டேன். ஏசி அறை, யன்னல் எல்லாம் பூட்டு. புகை எழும்பி, மேசைக்கு மேலாகப் போய், மூடியின் துளைகளுக்குள் இறங்கியது. தற்செயலாகத்தான் குனிந்து பார்த்தேன். வட்டுக்கோட்டை நரம்பு மெலிந்துகொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அசைவு தெரியாது, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தால் உள்ளே ஓடுகிற சாறு தெரியும். எல்லாம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது, சரஸ்வதி படத்துக்கு எதிர்ப்பக்கம். தூபத் தட்டு இன்னும் என் கையில் இருந்தது. என்ரை கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு முறைப்படி செய்து பார்த்தேன். ஒரு பெட்டியை மேசையிலும் ஒரு பெட்டியைக் களஞ்சியத்திலும் வைத்துச் சாம்பிராணி காட்டினேன். களஞ்சியத்தில் இருந்தது அசையவே இல்லை. கற்பூரத்தை மட்டும் கொளுத்தினேன், சாம்பிராணியை மட்டும் போட்டேன், இரண்டுக்கும் பின்வாங்கியது. மஞ்சளுக்கு மணம் தெரியும், பிடிக்காத மணம் வந்தால் விலகும். இது ஒன்றும் புதிது அல்ல, எழுதியே வைத்திருக்கிறார்கள், நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் குறிப்புப் புத்தகத்தில் புகைக்கு ஒரு கோடு கூட நான் ஒதுக்கவில்லை. சாமிக்குக் காட்டுவது ஆராய்ச்சிக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்குப் போவது மட்டும் எப்படியோ வந்தது.

துறைத்தலைவரிடம் போய் என் அறிக்கை பிழை என்று சொன்னேன். அந்த இடத்தை நிரப்பியாயிற்றே, இனி ஏன் கிளறுவான் என்றார். நான் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கடிதம் எழுதியிருக்கலாம், மேலிடத்துக்குப் போயிருக்கலாம், என் வாய் ஊரறிந்த வாய். அன்றைக்கு மட்டும் அந்த வாய்க்கு என்ன வந்ததோ, சரி சேர் என்று எழும்பி வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் கதவைச் சாத்தியது எனக்கு ஆறுதலாக இருந்தது. நானாவுக்கு ஒரு தொலைபேசி எடுக்கக்கூட ஏழெட்டு மாதம் பின்போட்டேன். எடுத்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

போன ஆனி மாதம், அவர் புத்தளத்திலிருந்து வந்து நிற்பதாகவும் வீட்டை விற்கப் போவதாகவும் பக்கத்து அறைக்காரர் சொன்னார். அன்று பின்னேரமே போனேன். வீட்டை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஓர் அறைக்குத் தகரம், மற்றதெல்லாம் வானம். முற்றத்தில் வீடு வாங்குகிற ஆள் நாடாவால் அளந்துகொண்டிருந்தார். நானா என்னைக் கண்டதும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டு, கடையில் பிளேன்டீ வாங்குவித்துத் தந்தார். நரைத்துவிட்டார். மூத்த பிள்ளை அங்கேயே சோதனை எடுக்கப்போகிறாளாம், இனி இடம் மாற்றினால் படிப்புக் குழம்பும், வேலை இல்லாமல் இந்த வீட்டை வைத்து என்ன செய்வது என்றார். நாளைக்குக் காலையில் கையெழுத்து. குரலில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துடக்கு, சாம்பிராணி, களஞ்சியத்துப் பெட்டி, நான் எழுதிய அந்த ஒரு சொல், ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஓம், மிஸ், எனக்குத் தெரியும் என்றார். இரண்டாம் வெள்ளியே தெரிந்துவிட்டதாம். புகை வர உவர் ஒதுங்குவதைக் கண்ணாலே கண்டாராம். அதற்காகத்தான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் களஞ்சியத்தில் வைத்தாராம்.

எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. பாருங்கள், அப்போதும் கோபம்தான். தெரிந்திருந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஒரு சொல் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமோ, இந்த வீடு போகுமோ என்று கேட்டேன்.

நாடாக்காரருக்குக் கேட்கிறதோ என்று அவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"உங்கடை சாமிக்குக் காட்டுற புகைதான் பிழை எண்டு நான் எப்பிடி, மிஸ், வாய் திறந்து சொல்லுறது? நாங்கள் திரும்பி வந்து இருக்கிற ஆக்கள்." பிறகு என்னைப் பார்த்தார். "சரி, சொல்லியிருந்தால்? நீங்கள் புகையை விட்டிருப்பியளோ, என்னை அனுப்பியிருப்பியளோ?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்றுதான் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். நான் பிளேன்டீயைக் குடித்தேன். நேரமாகிறது என்று சொல்லி எழும்பினேன். படலை வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனார்.

பதில் எனக்குத் தெரியும். அந்த இரண்டாம் வெள்ளியிலேயே அனுப்பியிருப்பேன்.